மின்சாரத்துக்கும் ஒரு நீர்க்கட்டி

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுபவர் செய்யும் முதல் வேலை, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் சுவிட்சைத் தட்டுவதுதான். மணி 6 ஆகியிருக்கும். தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம் ஆகும். ஏன் 6 மணிக்கு என்று யாரும் கேட்டதில்லை. பல ஆண்டுப் பழக்கம், அவ்வளவுதான். அதே நேரத்தில் தெருவில் பாதி வீடுகளில் மோட்டார் ஓடுகிறது, வெந்நீர் ஹீட்டர் எரிகிறது, சட்னிக்கு மிக்ஸி சுற்றுகிறது, சூரியனோ இன்னும் சரியாக மேலே வரவில்லை. பகல் 12 மணிக்கு வெயில் கொளுத்தி, சூரிய மின்நிலையங்கள் முழு வேகத்தில் மின்சாரம் தரும்போது, தொட்டி நிரம்பியிருக்கிறது, மோட்டார் சும்மா கிடக்கிறது. நீடித்த எதிர்காலச் சமூகம் என்ற பெரிய கருத்தையும், அதில் டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கு என்ன வேலை என்பதையும் விளங்கிக்கொள்ள, இந்தச் சின்னப் பொருத்தமின்மையைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும் என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டில் நீடித்த வளர்ச்சி என்றும் இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்றும் எழுதப்படும் இக்கருத்துக்கு, நார்வேயின் முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987-இல் தந்த விளக்கமே இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது: வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. நம் ஊர் விவசாயிக்கு இதை விளக்க ஓர் ஆணையமே தேவையில்லை. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிடாதே என்றால் அவருக்குப் புரியும். நிலக்கரியும் கச்சா எண்ணெயும் பல கோடி ஆண்டுகளில் சேர்ந்த விதைநெல். வெயிலும் காற்றும் அன்றாடம் வந்து விழும் விளைச்சல். அன்றைய விளைச்சலில் அன்றைய நாளை ஓட்டக்கூடிய சமூகத்தையே நீடித்த சமூகம் என்கிறோம்.

எதிர்காலச் சமூகம் என்றதும் கண்ணாடிக் கோபுரங்களும் பறக்கும் கார்களும் ஓவியமாக வந்து நிற்பது வழக்கம். அந்த ஓவியத்தில் எனக்கு ஆர்வமில்லை. அன்றாட விளைச்சலில் வாழ்வதில் உண்மையான சிக்கல் அளவைவிட நேரத்தில்தான் அதிகம் இருக்கிறது. வெயில் நமக்காகக் காத்திருக்காது, காற்று சொல்லிவிட்டு வராது. இந்தச் சிக்கலை மின்சாரத்தை வைத்து விளக்குகிறேன்; தண்ணீர், போக்குவரத்து, உணவு ஆகியவற்றிலும் இதே சிக்கல் வேறு வேறு வடிவங்களில் உண்டு.

மின்கம்பியில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முடியாது. நீங்கள் மின்விசிறியைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு மின்நிலையம் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைத்தாக வேண்டும். இந்தியா முழுவதும் இணைந்திருக்கும் மின்தொகுப்பின் (கிரிட்) அதிர்வெண் விநாடிக்கு 50 சுற்று. பயன்பாடு உற்பத்தியை மிஞ்சினால், மேட்டில் ஏறும் மிதிவண்டிக்காரரின் மிதி தளர்வதைப் போல மின்னாக்கிகளின் சுழற்சி தளர்ந்து அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். இரண்டில் எது எல்லை மீறினாலும், கருவிகளைக் காப்பதற்காக மின்நிலையங்களும் மின்பாதைகளும் தாமாகவே துண்டித்துக்கொள்ளும். ஒன்று துண்டித்தால் மற்றவற்றின் மேல் சுமை கூடி, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். 2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இப்படித்தான் இருண்டது. தென்னக மின்தொகுப்பு அப்போது வடக்கோடு ஒத்தியங்கும் வகையில் இணைக்கப்படாமல் தனியாக இருந்ததால் நாம் தப்பினோம். 2013-இன் கடைசி நாளன்றுதான் அந்த இணைப்பு நடந்தது.

அதிர்வெண்ணை 50-இல் நிறுத்துவது எத்தகைய வேலை என்பதைக் கண்கூடாகக் காட்டிய நாள் 2020 ஏப்ரல் 5. கொரோனா ஊரடங்கின்போது இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கணைக்கச் சொன்னார்களே, அந்த நாள். மின்தொகுப்பை இயக்குபவர்கள் 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையும் என்று கணக்கிட்டிருந்தார்கள். குறைந்ததோ சுமார் 31,000 மெகாவாட். சில நிமிடங்களில் இவ்வளவு சுமை மறைந்து, மறுபடியும் வந்து ஏறியது. மடைகளைச் சட்டென்று மூடவும் திறக்கவும் இயலும் என்பதால் நீர்மின் நிலையங்கள்தாம் அந்த அதிர்ச்சியின் பெரும்பங்கைத் தாங்கின, அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் ஆடி அடங்கியது. மாடியில் அகல்விளக்கோடு நின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்களின் நெஞ்சுத்துடிப்பு தெரிந்திருக்கும்?

நிலக்கரியை நம்பிய காலத்தில் ஒழுங்கு எளிமையாக இருந்தது. மக்கள் விரும்பிய நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள், அனல்மின் நிலையம் அதற்கேற்ப எரித்தது. வெயிலும் காற்றும் முதன்மை ஆகும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைகள் பெரும்பாலும் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியவை. மே முதல் செப்டம்பர் வரை அள்ளிக் கொடுக்கும். மற்ற மாதங்களில் கிள்ளிக் கொடுக்கும். அந்தப் பருவத்துக்குள்ளும் நிச்சயம் கிடையாது. காற்றின் வேகத்துக்கும் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவு மும்மடிப்பெருக்கமானது: வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று சற்றே அயர்ந்தால் சென்னையிலுள்ள மாநில மின்சுமை மையத்தின் திரையில் பெரும் பள்ளம் விழுவது இதனால்தான். சூரிய மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் முன்கூட்டியே தெரிந்தது என்றாலும், மாலை 5 மணிக்கு மேல் அது மளமளவென்று சரியும் அதே வேளையில் வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் உயிர்பெறுகின்றன. சூரிய மின்சாரத்தைக் கழித்துப் பார்த்தால் பகலில் தொய்ந்து மாலையில் செங்குத்தாக எழும் இந்தத் தேவைக் கோட்டின் வடிவம் வாத்தைப் போலிருப்பதால், கலிபோர்னியாவின் மின்தொகுப்பு நிர்வாகிகள் 2013-இல் அதற்கு வாத்து வளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உள்ளன. மிச்சமானதைச் சேமிக்கலாம், கோவை மாவட்டத்தில் ஆனைமலையிலுள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்துவருகிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையின் நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி, 400 மெகாவாட் வரை உற்பத்தி செய்கிறார்கள். மின்கலத் தொகுதிகளும் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டாவதாக, மிஞ்சியதை வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம். மூன்றாவது வழி, பயன்பாட்டையே நேரம் மாற்றி வைப்பது. இதுதான் மலிவானது, இதைத்தான் நாம் குறைவாகச் செய்திருக்கிறோம். டிஜிட்டல் தொழில்நுட்பம் இல்லாமல் இதைப் பெரிய அளவில் செய்யவும் இயலாது.

பயன்பாட்டை நேரம் மாற்றுவது நமக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏரிப்பாசனம் செழித்திருந்த ஊர்களில், ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டுத் தரும் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்றும் மடையர் என்றும் அழைத்தார்கள். ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியாக எவ்வளவு போகிறது, எந்த வயலில் பயிர் பால்பிடிக்கிறது, எந்த வயல் இரண்டு நாள் பொறுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீர் தாராளமாக இருக்கும்போது அவரவர் விருப்பப்படி பாய்ச்சிக்கொள்வார்கள். குறையும்போது முறை வைத்து அவரே மடையைத் திறந்து மூடுவார். ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது ஏரிநீர் பாயும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். பல ஊர்களில் இந்தப் பணி ஆயக்கட்டில் நிலமில்லாத தலித் குடும்பங்களிடம் வழிவழியாக இருந்தது. தனக்கென வயல் இல்லாதவர் பாரபட்சம் பார்க்கமாட்டார் என்பது சொல்லப்பட்ட காரணம். நிலமற்றவராகவே அவரை வைத்திருந்த சாதி அடுக்கை மறைத்துவிட்டு அந்த ஏற்பாட்டைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனாலும் இருப்பை அறிந்து, வரவை ஊகித்து, முறை வகுத்து, மடையை இயக்குவது என்ற அந்தப் பணியின் நான்கு கூறுகளையும் நினைவில் வைத்துக்கொண்டால், புதுப்பிக்கத்தக்க ஆற்றலை நம்பும் சமூகத்தில் டிஜிட்டல் கருவிகள் செய்ய வேண்டியது என்ன என்பது விளங்கிவிடும்.

இருப்பை அறிவதற்கு உணரிகளும் (சென்சார்), பயன்பாட்டை நேரவாரியாகப் பதிந்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்களும் வேண்டும். வரவை ஊகிப்பதற்கு வானிலைத் தரவும் கணினி மாதிரிகளும் வேண்டும். இந்தியாவில் ஒரு நாள் 15 நிமிடம் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் எந்தக் காற்றாலைப் பண்ணை எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. முறை வகுப்பதைக் கணினி நிரல் செய்யும். மடையை இயக்குவது, அதாவது தொலைவிலிருந்து ஒரு கருவியை ஓடவிடுவதும் நிறுத்துவதும், இன்று சில நூறு ரூபாய்க் கருவியால்கூட நடக்கும்.

இந்த நான்கும் கூடினால் ஒரு நாள் எப்படி இருக்கும்? இருபது ஆண்டுகளுக்குப் பிந்தைய கடலோர ஊர் ஒன்றை, ஜூலை மாதத்து நாள் ஒன்றில் கற்பனை செய்து பார்ப்போம். நாளை மாலை 5 மணி முதல் 7 மணி வரை காற்று அயரும் என்று முந்தைய இரவே கணிப்பு வந்துவிடுகிறது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலையில், உப்புக்கரைசல் தொட்டிக்குள் வரிசையாக இறக்கப்பட்ட தகர அச்சுகளில் நீர் உறைந்துகொண்டிருக்கிறது. ஒரு கட்டி முழுதாக உறையப் பல மணி நேரம் ஆகும் என்பதால், இடையில் இரண்டு மணி நேரம் அமுக்கியை (கம்ப்ரசர்) நிறுத்தினாலும் எதுவும் உருகிவிடாது. எனவே காலை 10 முதல் 4 வரை ஆலை முழு மூச்சில் ஓடி, கரைசலை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளிர்வித்துவிட்டு, 5 மணிக்கு ஓய்கிறது. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டி பிற்பகல் 3 மணிக்கே நிரம்பிவிடுகிறது. நகரப் பேருந்துகள் மதிய நேரத்துக் காலியான பொழுதில் பணிமனையில் மின்னேற்றிக்கொள்கின்றன. வயல்களின் மோட்டார்கள் குழுக்களாகப் பிரிந்து பகலிலேயே முறை வைத்து ஓடி முடிக்கின்றன. மாலை 6.30-க்கு வீடுகளில் விளக்கு எரியும்போது யாருக்கும் எந்தக் குறையும் தெரிவதில்லை. இந்தக் காட்சியில் ஐஸ், தண்ணீர், நனைந்த மண் ஆகியவை மின்கலத்தின் வேலையைப் பார்க்கின்றன.

மோட்டார்களைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் பெறும் விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். அவற்றில் 10 லட்சம் மோட்டார்கள், ஒவ்வொன்றும் 5 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், சேர்ந்து ஓடும்போது இழுப்பது ஏறத்தாழ 3,700 மெகாவாட். காடம்பாறையைப் போல ஒன்பது நிலையங்களின் அளவுக்கு, நேரம் மாற்றக்கூடிய சுமை நம் வயல்களிலேயே கிடக்கிறது. மும்முனை மின்சாரம் இரவில்தான் வரும் என்பதால் டார்ச் விளக்கோடு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்ட தலைமுறைக்கு, பகல் நேர மின்சாரம் என்பது மின்தொகுப்புக்கு நல்லது என்பதற்கும் மேலாக உயிர்ப் பாதுகாப்பும்கூட. குஜராத் 2020-இல் விவசாயிகளுக்குப் பகலிலேயே மின்சாரம் தரும் திட்டத்தை இதற்காகவே தொடங்கியது.

வீட்டுப் பயனாளர் ஏன் இதையெல்லாம் கவனிப்பதில்லை என்றால், அவருக்குச் செய்தியே போய்ச் சேருவதில்லை. ரீடிங் எடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருகிறார். வெள்ளை அட்டையிலோ கைப்பேசிக் குறுஞ்செய்தியிலோ யூனிட் கணக்கும் தொகையும் தெரிகின்றன. காலை 6 மணிக்கு ஓடிய யூனிட்டும் நண்பகலில் ஓடிய யூனிட்டும் அந்தக் கணக்கில் ஒன்றே. அந்த மீட்டருக்கு நேரம் ஒரு பொருட்டில்லை. உயர் அழுத்த இணைப்புள்ள நூற்பாலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் நெடுங்காலமாக உண்டு. ஆலைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்து எந்திரத்தை ஓட்டப் பழகியவர்கள். 2023 ஜூனில் ஒன்றிய அரசு திருத்திய விதிகள், சூரிய ஒளி நேரத்தில் 10 முதல் 20 விழுக்காடு குறைவாகவும் உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் கட்டணம் அமையும் முறையை, விவசாயம் தவிர்த்த மற்றப் பயனாளர்களுக்கும் படிப்படியாக விரிவாக்கச் சொல்கின்றன. இதற்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயத் தேவை.

இதுவரை சொன்னது தொழில்நுட்பத்தின் பயன். அதன் எடையையும் சொல்லாவிட்டால் விளக்கம் பாதிதான். நம் தரவுகள் இணையத்தில் தங்கும் இடத்தை மேகம் (கிளவுட்) என்று நாம் அழைப்பது உண்மையில் கட்டடம், கம்பி, குளிர்விப்பான். பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, உலகத் தரவு மையங்கள் 2024-இல் பயன்படுத்திய மின்சாரம் 41,500 கோடி யூனிட், உலகப் பயன்பாட்டில் சுமார் 1.5 விழுக்காடு, செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியால் 2030-க்குள் இது இரு மடங்குக்கும் மேலாகி 94,500 கோடி யூனிட்டை நெருங்கும் என்றும் அது கணிக்கிறது. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வின் பெரும்பகுதி அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பின்போதே முடிந்துவிடுகிறது. ஆகவே ஆற்றலைச் சேமிக்க உதவும் செயலி ஒன்றுக்காக, நன்றாக ஓடும் கைப்பேசியைத் தூக்கி எறிந்து புதியது வாங்குபவர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்.

இன்னும் நுட்பமான சிக்கலொன்று உண்டு. 1865-இல் இங்கிலாந்துப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், நீராவி எந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் கூடுதல் வேலை செய்யத் தொடங்கியதும் நாட்டின் நிலக்கரிப் பயன்பாடு குறையாமல் கூடியதைச் சுட்டிக்காட்டினார். மலிவானதை மனிதர்கள் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். நம் பக்கத்து உதாரணம் சூரிய ஒளி பம்புசெட்டு: டீசலும் மின்கட்டணமும் இல்லாத மோட்டாரை நிறுத்த விவசாயிக்கு என்ன காரணம் இருக்கிறது? வெயில் இருக்கும்வரை ஓடும், நிலத்தடி நீர் மேலும் கீழே போகும். கரிமக் கணக்கில் வெற்றி, தண்ணீர்க் கணக்கில் தோல்வி. நீர்மட்டத்தை அளக்கும் உணரியும், மிச்சமாகும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கும் வழியும் அந்த மோட்டாரோடு சேர்ந்து வந்தால்தான் கணக்கு நேராகும். இவற்றில் உணரியை வாங்கிவிடலாம். விற்பதற்கான விலையையும் விதியையும் சட்டமன்றமும் ஒழுங்குமுறை ஆணையமும் ஊர்க்கூட்டமும்தான் தர முடியும்.

அடுத்து, நீர்க்கட்டி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி. பழைய நீர்க்கட்டிக்கு நெல் அளந்தவர்கள் ஆயக்கட்டுக்காரர்கள். தவறு செய்தால் ஊர் கேட்டது. நிரலாக வரும் நீர்க்கட்டியை எழுதியவர் எங்கோ இருக்கிறார், அது திரட்டும் தரவோ அந்தரங்கமானது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் மின்பயன்பாட்டைப் பார்த்தாலே ஒரு வீட்டில் எப்போது எழுகிறார்கள், எப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் 2009-இல் நெதர்லாந்தின் மேலவை, ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஏற்க மறுத்தது. பிறகு அங்கே பயனாளர் மறுக்கலாம் என்ற உரிமையோடுதான் அது வந்தது. தொழில்நுட்பத்தை எதிர்த்த செயலாக நான் இதைப் பார்க்கவில்லை, நல்ல ஆயக்கட்டுக்காரர்களின் செயலாகவே பார்க்கிறேன்.

நேரத்துக்கேற்ற கட்டணத்திலும் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. குளிர்சாதனமும் மின்காரும் சலவை எந்திரமும் உள்ளவர்களுக்கு நேரம் மாற்ற நிறைய இருக்கிறது. அவர்கள் மதியத்தில் மலிவு மின்சாரத்தை அள்ளிக்கொள்வார்கள். ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் மட்டுமே உள்ள வீட்டில், வேலை முடிந்து 7 மணிக்குத் திரும்பும் பெண் எதை நண்பகலுக்கு மாற்றுவார்? உச்ச நேரக் கட்டணம் அவரைத் தொடாதபடி, குறைந்த அளவு பயன்படுத்தும் வீடுகளை விலக்கி வைப்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை விதியாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, புயல். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன, கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. அப்படியொரு நாளில், தொலைதூரக் கணினியிடம் கேட்டால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் குடிநீர் மோட்டார் யாருக்கும் உதவாது. எவ்வளவு அறிவார்ந்த கருவியாக இருந்தாலும் கையால் திருப்பிப் போடும் ஒரு விசையும், அதைத் திருப்பத் தெரிந்த ஊராட்சித் தொட்டி இயக்குநரும் அங்கே இருந்தாக வேண்டும். செலவு மிச்சம் என்று அந்த ஆளை வேலையிலிருந்து எடுத்துவிடும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு ஐயம் வருகிறது.

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுக்கத் தொடங்கிய பிறகு, எங்கள் வீட்டு மோட்டாரை முற்பகல் 11 மணிக்கு மாற்றினோம். அதற்கென்று வாங்கியது கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண டைமர் சுவிட்சு ஒன்று மட்டுமே. முதல் வாரம் தொட்டி வற்றி, குளியலறையில் சோப்போடு நின்றவரின் கூச்சலைக் கேட்க வேண்டியிருந்தது, இப்போது பழகிவிட்டது. மின்கட்டணத்தில் இதனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எங்கள் மீட்டருக்குத்தான் இன்னும் மணி பார்க்கத் தெரியாதே.